இடம் மாறி அமர்ந்த பலேடியம்

ஆறுமுகச்சாமி செண்பகவல்லி. பிறந்த நாள் 1981 மார்ச் 14. பிறந்த ஊர் சங்கரன்கோவில். இவ்வரிகள் எழுதப்படும் இன்று அவருக்கு வயது நாற்பத்து நான்கு. நலமாக இருக்கிறார், கால்கள் மட்டும் வீங்கியிருக்கின்றன. காரணம் உரிய இடத்தில் வரும்.

தந்தையார் ஆறுமுகச்சாமி விசைத்தறிக் கூடமொன்றின் மேற்பார்வையாளர். பத்துத் தறிக்கு அப்பால் ஓர் இழை அறுந்தாலும் ஓசையிலேயே அறிந்துவிடுவார் என்பர். அந்தக் காது மகளுக்கு வாய்க்கவில்லை. மகளுக்கு வாய்த்தது எதையும் எறியாத குணம். பள்ளிப் பருவத்தில், மை தீர்ந்த பேனாக்குச்சிகளைக்கூடத் தீர்ந்த தேதியைக் குறித்துக் கட்டி வைத்திருந்தார். இந்தக் குணத்தால் வீட்டில் பலமுறை ஏச்சு வாங்கினார். பின்னர் ஒருமுறை முனைவர் பட்டம் வாங்கினார்.

2006இல், இராஜபாளையம் சாலையில் உள்ள தனியார் கல்லூரி ஒன்றில் வேதியியல் உதவிப் பேராசிரியராகச் சேர்ந்தார். மறு ஆண்டு பெத்துராஜை மணந்தார். பெத்துராஜ் மதுரை வழித்தடத்தில் ஓடும் அரசுப் பேருந்தின் நடத்துநர். 2016 செப்டம்பர் 30 அன்று, தம் துறைத் தலைவர் சாஜிதா பானுவை நெறியாளராகக் கொண்டு, பகுதிநேர ஆய்வாளராகப் பதிவு செய்தார். பதிவு செல்லுபடியாகும் காலம் எட்டு ஆண்டுகள். அதற்கு மேல் ஒரு நாளும் கிடையாது என்று விதி கூறுகிறது.

ஆய்வுப் பொருளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கார்பன் அணுவுக்கு நான்கு கைகள் என்பது பள்ளிப் பாடம். கார்பீன் என்பது, இரண்டு கைகளை மட்டும் பயன்படுத்திவிட்டு, மிச்சமிருக்கும் எலக்ட்ரான் இணையை எந்த உலோகத்துக்குக் கொடுக்கலாம் என்று காத்திருக்கும் கார்பன். செண்பகவல்லி கையாண்ட கார்பீன் ஐந்து மூலைகள் உடைய ஒரு வளையத்தில் இருந்தது. மூன்று மூலைகளில் கார்பன், இரண்டில் நைட்ரஜன். இரு நைட்ரஜன்களுக்கும் நடுவில் உள்ள கார்பன்தான் வழக்கமாகப் பலேடியத்தைப் பிடித்துக்கொள்ளும். எதிர்ப்புறத்துக் கார்பன்கள் இரண்டும் ஆளுக்கொரு ஹைட்ரஜனை வைத்துக்கொண்டு வேடிக்கை பார்க்கும். மிக அரிதாக, நடுக் கார்பன் பலேடியத்தை விட்டுவிடும். எதிர்ப்புறத்துக் கார்பன் ஒன்று பலேடியத்தைப் பிடித்துக்கொள்ள, அது கைவிட்ட ஹைட்ரஜனுக்கு ஈடாக நடுக் கார்பனுக்கு ஒரு ஹைட்ரஜன் வந்து சேரும். எடை மாறாது. அணுக்களின் எண்ணிக்கை மாறாது. பிடி மட்டும் மாறும். இப்படி மாறியவை சில வேளைகளில் பழையவற்றைவிடச் சிறந்த வினையூக்கிகளாக இருப்பதால், உலகெங்கும் பலர் இம்மாற்றத்தைத் தேடி அலைகின்றனர்.

இதையெல்லாம் செண்பகவல்லி ஒரு நாள் சோறு பரிமாறிக்கொண்டே விளக்கியபோது, பெத்துராஜ் ரசத்தை முடித்துவிட்டுச் சொன்னார்:

"அப்பம் டிக்கெட் அதே டிக்கெட்டுதான். ஆளு சீட்டு மாறி உக்காந்திருக்கான். அதானட்டி?"

செண்பகவல்லி எழுந்து போய் அதை ஆய்வகக் குறிப்பேட்டின் உள்ளட்டையில் எழுதிவிட்டு வந்து மோர் ஊற்றினார்.

ஏழு ஆண்டுகள் ஆயின. எந்தப் பயணியும் சீட்டு மாறவில்லை. 2023ஆம் ஆண்டின் நடுவில் அவர் கையில் இரண்டு அத்தியாயங்கள் இருந்தன. இரண்டும் பிறர் முன்பே கண்டவற்றை ஒட்டியவை. கடையநல்லூரிலிருந்து நாள்தோறும் பேருந்தில் வரும் சாஜிதா பானு, முகத்துக்கு நேரே பேசுபவர்.

"ரெண்டு அத்தியாயமும் இட்லி மாதிரி இருக்கு, செண்பகம். குத்தம் சொல்ல முடியாது. ஆனா இதுக்காக யாரும் பஸ் ஏறி வரமாட்டாக. மூணாவது ஒண்ணு வேணும். இல்லைன்னா பட்டம் இல்ல."

2023 ஜூலை 28, வெள்ளிக்கிழமை. செண்பகவல்லி ஒரு குடுவையில் வெளிர்மஞ்சள் கரைசலைத் தயாரித்து, மூடியைச் செருகி, மேசை மேல் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனார். மறுநாள் முகரம், அதன் மறுநாள் ஞாயிறு, திங்கள் ஊர் அம்மன் கோயிலின் ஆடித்தபசுத் திருவிழா, உள்ளூர் விடுமுறை. செவ்வாய் காலையில் திரும்பி வந்தபோது கரைசல் செம்மஞ்சளாக இருந்தது.

வடிகட்டினார், உலர்த்தினார், ஒரு சிட்டிகையைக் கரைத்து மெல்லிய கண்ணாடிக் குழாயில் அடைத்தார். அணுக்கள் எங்கெங்கே அமர்ந்திருக்கின்றன என்று காட்டும் நிறமாலைக் கருவி மதுரையில் இருந்தது. குழாய் வாழைமட்டைக்குள் பொதியப்பட்டு, பெத்துராஜின் தோல்பையில் பயணச்சீட்டுக் கட்டுகளோடு பயணமாயிற்று. நான்கு நாள்களில் மின்னஞ்சல் வந்தது. எதிர்ப்புறத்து ஹைட்ரஜன்கள் இரண்டும் ஒன்றாகக் காட்டும் கோடு மறைந்து, அதனிடத்தில் தனித்தனியே இரண்டு கோடுகள் நின்றன. அவற்றுள் ஒன்று வெகுதூரம் தள்ளிப் போயிருந்தது. பலேடியம் இடம் மாறி அமர்ந்துவிட்டது.

அன்று மாலை செண்பகவல்லி பேருந்து நிலையத்தில் நின்று, மதுரை வண்டி வந்ததும் படியிலேயே கணவரிடம் "மாறிட்டு" என்றார். "எவன் மாறுனான்?" என்று முன் இருக்கையில் இருந்த ஒருவர் கேட்க, "எங்க வீட்டுப் பலேடியம்" என்று பெத்துராஜ் விடையளித்தார். வண்டியில் இருந்த அனைவரும், ஏன் என்று தெரியாமலே, மகிழ்ந்தனர்.

சாஜிதா பானு மகிழ்ந்தார். ஆனால் அரை நிமிடமே.

"ஒருக்கா வந்தா விருந்தாளி. ரெண்டாந்தடவ வந்தாத்தான் சொந்தக்காரன். மறுபடி செஞ்சு காட்டு."

இரண்டாவது குடுவை மஞ்சளாகவே இருந்தது. மூன்றாவதும் அவ்வாறே. செண்பகவல்லி முறையாகத் தேடத் தொடங்கினார். அந்த நான்கு நாள்களின் வெப்பநிலையைக் கேட்டறிந்து, அதே வெப்பத்தில் வைத்தார்: மஞ்சள். விடுமுறையில் சன்னல் அடைத்திருந்தது என்று அறையை அடைத்தார்: மஞ்சள். ஞாயிறன்று மின்சாரம் இருமுறை தடைப்பட்டதாகக் காவலாளி சொன்னதால், முதல்வரிடம் எழுத்து மூலம் அனுமதி பெற்று, ஆய்வகத்தின் மின்னிணைப்பை இருமுறை துண்டித்தார்: மஞ்சள்; அதோடு, குளிர்பெட்டியில் இருந்த உயிரியல் துறையின் தவளைகள் கெட்டுப்போயின என்ற புகார் வேறு. இரண்டு துளி நீர் சேர்த்தார்: மஞ்சள்.

"அன்னைக்கு உடுத்திருந்த சேலைய மட்டும் விட்டுட்டியே" என்றார் பெத்துராஜ்.

"அதையும் உடுத்திப் பாத்தாச்சு. ஒன்பதாவது குடுவைக்கு."

பதினொரு குடுவைகள் தோற்றன. ஆண்டு ஒன்று கழிந்தது. 2024 ஜூலை 22, திங்கட்கிழமை காலையில், பதிவு முடிய எழுபது நாள்கள் இருந்தன. முதல் நாள்தான் ஆடித்தபசு முடிந்திருந்தது. சாஜிதா பானு செப்டம்பருக்குள் குடுவை சிவக்காவிட்டால் மூன்றாம் அத்தியாயத்தை நீக்கிவிட வேண்டும் என்றும், நீக்கினால் எட்டு ஆண்டும் வீண் என்றும் சொல்லியிருந்தார். இரண்டாவது வாக்கியத்தை அவர் சொல்லியிருக்கத் தேவையில்லை.

அப்போதுதான் அந்தப் பேனாக்குச்சிக் குணம் கைகொடுத்தது. செண்பகவல்லி, பயன்படுத்திய வடிதாள்களை எறிவதில்லை. ஒவ்வொன்றையும் உலர்த்தி, வீட்டுக்கு வந்த கல்யாணப் பத்திரிகைகளின் உறைகளில் இட்டு, தேதி எழுதி வைப்பார். அன்று காலை பன்னிரண்டு உறைகளையும் மேசை மேல் வரிசையாகப் பரப்பினார். பதினொரு வடிதாள்கள் தூய வெள்ளை. "புளியங்குடி எலுமிச்சை வியாபாரி இல்லத் திருமணம்" என்ற உறையில், 2023 ஆகஸ்ட் 1 என்று குறித்த வடிதாளில் மட்டும், மிளகாய் விதையைவிடச் சிறிய செம்பழுப்புத் துகள்கள் ஏழு ஒட்டியிருந்தன. சிதைந்த பலேடியம் என்றால் கறுப்பாக இருக்கும். இவை செம்பழுப்பு.

ஆய்வக உதவியாளர் பேச்சி அவ்வமயம் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தார். செண்பகவல்லி பணியில் சேர்வதற்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன்பிருந்தே அங்கிருப்பவர். ஆடித்தபசுக்குப் போய்வந்த அடையாளமாக, நெற்றியில் திருநீறும், இரு முழங்கைகளில் காய்ந்த புற்றுமண்ணும் இருந்தன. கோயிற் புற்றிலிருந்து எடுத்துத் தரும் மண். இவ்வூரார் அரிப்புக்கும் கட்டிக்கும் அதைத்தான் குழைத்துப் பூசுவர். பொட்டலம் இல்லாத வீட்டைத் தேடித்தான் காண வேண்டும்.

செண்பகவல்லி முழங்கையைப் பார்த்தார். வடிதாளைப் பார்த்தார். மறுபடியும் முழங்கையைப் பார்த்தார்.

"பேச்சியக்கா, போன வருசம் தபசு லீவுக்கு முந்தி, லேப்ப யாரு பூட்டுனது?"

பேச்சி துடைப்பதை நிறுத்திவிட்டார். "நாந்தான். ஏன் மேடம்?"

"என் குடுவையத் தொட்டீங்களா?"

"தொடல." துணியை வாளியில் பிழிந்தார். "தொட்டேன்னு சொல்ல முடியாது. அப்புனேன்."

"என்னத்த அப்புனீங்க?"

"அதுக்கு உண்டான மூடிய அந்தப் புதன்கிழமதான் ஒரு பிள்ள கீழ போட்டு ஒடச்சிருந்தா. நீங்க வேற மூடி போட்டிருந்திய. அது சின்னது, லொடலொடன்னு இருந்திச்சு. மூணு நாளு லீவு, வாடை வேற வந்துச்சு. முந்தானையில புத்துமண்ணு முடிஞ்சு வச்சிருந்தேன். நனைச்சு, மூடியச் சுத்தி அப்பிவிட்டேன். எம்மவன் தலையில கட்டி வந்தப்பவே நின்னிருக்கு, குடுவை நிக்காதான்னு நெனச்சேன்."

"செவ்வாக்கிழம நான் வந்தப்ப அங்கன மண்ணே இல்லையே."

"உங்களுக்கு முந்தி வந்து தொடச்சுட்டேம்லா. மண்ணு காஞ்சு வெடிச்சு உள்ளயும் வெளியயும் உதுந்திருந்திச்சு. நீங்க ஏசுவியன்னு பயம்."

"அதுக்கப்புறம் ஒரு வருசமா நான் குட்டிக்கரணம் போட்டேனே. ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே, அக்கா."

"நீங்க கரண்ட்டக் கூட நிறுத்திப் பாத்திய. எங்கிட்ட மட்டும் கேக்கலையே."

 முதல்வர், காவலாளி, வானிலை நிலையம் ஆகிய எல்லோரையும் செண்பகவல்லி கேட்டிருந்தார். நாள்தோறும் அறையைப் பூட்டித் திறப்பவரைக் கேட்கவில்லை. ஆய்வகக் குறிப்பேட்டில் அன்றைய முதல் பதிவாக இதைத்தான் எழுதியிருக்கிறார்.

அன்று மாலையே பதிமூன்றாவது குடுவை தயாராயிற்று. பேச்சியின் முடிச்சிலிருந்து ஐம்பது மில்லிகிராம் புற்றுமண் மின்தராசில் நிறுத்து இடப்பட்டது. நான்கு இரவுகள். 26ஆம் தேதி வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணி பத்து நிமிடத்துக்கு சாஜிதா பானுவும் சேர்ந்து மூவருமாக ஆய்வகக் கதவைத் திறந்தனர். குடுவை செம்மஞ்சளாக, முறுக்கிக்கொண்டு நிற்கும் மாப்பிள்ளையின் பட்டுத் துண்டைப்போல மின்னிக்கொண்டிருந்தது.

சாஜிதா பானு முக்காலியில் உட்கார்ந்து சிரிக்கத் தொடங்கினார், நிறுத்த முடியவில்லை. செண்பகவல்லி குடுவையைச் சுற்றி மூன்று முறை நடந்தார். பேச்சி ஒரு கணம் இருவரையும் பார்த்துவிட்டு, கல்லூரி தொடங்கிய நாள்முதல் அந்தக் கட்டடம் கேட்டிராத வகையில் குலவையிட்டார். பக்கத்து அறையில் புள்ளியியல் வகுப்பு கலைந்தது. குழந்தை பிறந்துவிட்டதோ என்று கணிதத் துறையிலிருந்து ஆள் வந்தது.

"மண்ணு என்ன செய்யுது மேடம்?" என்றார் பேச்சி, கூட்டம் கலைந்த பிறகு.

"பூ மார்க்கெட்டுல தரகர் இருக்காகள்லா," என்றார் செண்பகவல்லி. "அந்த மாதிரி. நடுக் கார்பனுக்குத் தன் கையில இருந்து ஒரு ஹைட்ரஜனக் கொடுக்குது. எதிர்ப்பக்கத்துக் கார்பன்கிட்ட இருந்து ஒண்ண வாங்கிக்கிடுது. அந்தக் கை காலியானதும் பலேடியம் அங்கன போய் உக்காந்துருது. மண்ணு கையில கடைசியில பழைய கணக்குத்தான்."

"கமிஷன் கெடையாதா?"

"கெடையாது."

"அம்மன் மண்ணுலா" என்றார் பேச்சி.

இங்கேதான் சாஜிதா பானு சிரிப்பை நிறுத்தினார். "செய்முறைப் பகுதியில 'கோயில் மண் ஐம்பது மில்லிகிராம்'னு எழுத முடியாது, செண்பகம். இந்த மண்ணு மட்டும் செய்யுதா, எல்லா மண்ணும் செய்யுதான்னு பாக்கணும்."

பெத்துராஜிடம் சொன்னதுதான் தாமதம். வாசுதேவநல்லூர்க் கண்மாய் மண், புளியங்குடி எலுமிச்சைத் தோட்டத்து மண், இன்னும் எந்தெந்த ஊர் மண்ணோ, வழித்தடத்துக்கு ஒரு நடத்துநர் வீதம் பொட்டலமாக வந்து இறங்கின. சாஜிதா பானு தம் வீட்டு மருதாணிச் செடியடி மண்ணை டப்பாவில் கொண்டுவந்தார். வேதிப்பொருள் கடையிலிருந்து தூய களிமண் ஒரு புட்டி வாங்கப்பட்டது. ஆகஸ்ட் முழுவதும் மேசை மேல் பதினான்கு குடுவைகள். முடிவுகள் வருமாறு: கண்மாய் மண்ணில் நூற்றுக்குப் பன்னிரண்டு பங்கு மாற்றம், மருதாணி மண்ணில் முப்பத்தேழு, புற்றுமண்ணில் எண்பத்தொன்று, கடைக் களிமண்ணில் எண்பத்து நான்கு. மற்றவை ஐந்தைத் தாண்டவில்லை.

பேச்சிக்குக் கடைசி எண் பிடிக்கவில்லை. "கடையில புட்டியில அடச்ச மண்ணு நம்ம புத்துமண்ண விட மூணு கூடவா?"

"அது அமிலத்துல கழுவிச் சலிச்ச மண்ணு, பேச்சி" என்றார் சாஜிதா பானு.

"அப்பம் நம்மளதையும் கழுவுங்க. குளிச்சவனையும் குளிக்காதவனையும் பக்கத்துல நிறுத்தி, எவன் அழகுன்னு கேட்டா எப்படி?"

கழுவினர். தொண்ணூற்றொன்று வந்தது. கழுவிய களிமண் சிறப்பாகத் தரகு செய்கிறது என்பது மூன்றாம் அத்தியாயத்தின் தலையாய முடிவாயிற்று. நன்றியுரையில் பேச்சியின் பெயர் நெறியாளரின் பெயருக்கு அடுத்து இருக்கிறது.

ஆய்வேடு 2024 செப்டம்பர் 27 அன்று, மூன்று நாள்கள் மிச்சமிருக்கையில் ஒப்படைக்கப்பட்டது. அன்று பேச்சி தயங்கித் தயங்கி ஒரு செய்தியைச் சொன்னார். பதிமூன்றாவது குடுவையை வைத்த இரவில் அவர் ஒரு நேர்த்தி வைத்திருக்கிறார்: குடுவை சிவந்து, பட்டமும் கிடைத்துவிட்டால், ஆடிக் கொடி ஏறியதும் கோயிலை நூற்றெட்டுச் சுற்று சுற்றுவதாக.

"நல்லது அக்கா. சுத்துங்க."

"நான் இல்ல. நீங்க."

"நேர்த்தி வச்சது நீங்கதானே?"

"எனக்கு மூட்டுவலிலா. பட்டமும் உங்களுக்குத்தான."

வாய்மொழித் தேர்வு 2025 ஜூன் 25 அன்று கல்லூரிக் கூட்ட அரங்கில் நடந்தது. வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் கண்டிப்பானவர். நிறமாலைகளை ஒன்றரை மணி நேரம் துருவினார். பின்னர் மூன்றாம் அத்தியாயத்தைத் திறந்து, "உள்ளூர்ப் புற்றுக் களிமண் என்று எழுதியிருக்கிறீர்கள். எந்த இடத்தில் எடுத்தது?" என்று கேட்டார்.

 சாஜிதா பானு தம் காலணியைப் பார்த்தார்.

"கோயிலில், ஐயா. பிரசாதமாகக் கொடுத்தது. அதனால்தான் மற்ற பதிமூன்று மண்ணோடும் ஒப்பிட்டேன். கோயிலுக்காக அது வேலை செய்யவில்லை. களிமண் என்பதால் செய்கிறது. அட்டவணை ஏழில் இருக்கிறது."

தேர்வாளர் அட்டவணை ஏழை நெடுநேரம் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார். "ஒப்பீடு சரியாக இருக்கிறது. பட்டத்துக்குப் பரிந்துரைக்கிறேன்" என்றவர், குரலைச் சற்றுத் தாழ்த்தி, "அந்த மண் இன்னும் கொஞ்சம் இருக்குமா? எனக்கு இந்த முழங்கையில் ஆறு மாதமாக ஓர் அரிப்பு" என்றார்.

வாசலில் நின்றிருந்த பேச்சி, முந்தானை முடிச்சை அவிழ்த்துக்கொண்டே உள்ளே வந்தார். "கழுவுனது வேணுமா, கழுவாததா, ஐயா?"

ஜூலை 28 அன்று கோயிலில் கொடி ஏறியது. முனைவர் செண்பகவல்லி நூற்றெட்டை ஆறு நாள்களுக்குப் பங்கிட்டார்: நாளொன்றுக்குப் பதினெட்டுச் சுற்று. ஆயிரக்கணக்கானோர் சுற்றும் நெரிசலில் எண்ணிக்கை தவறிவிடும் என்று அஞ்சியபோது, பெத்துராஜ் ஆறு நாளும் மாலை விடுப்பு எடுத்தார். பிரகாரத்தின் மூலையில் தோல்பையுடன் நின்றுகொண்டு, மனைவி கடக்கும் ஒவ்வொரு முறையும் பயன்படாத பழைய பயணச்சீட்டு ஒன்றைக் கிழித்துக் கையில் கொடுத்தார். ஐந்தாம் நாள், சுற்றிக்கொண்டிருந்த வேறு பலரும் அவரிடம் கை நீட்டத் தொடங்கினர். அவர் மறுக்காமல் எல்லோருக்கும் கிழித்தார். பேச்சி தூணடியில் அமர்ந்து காலை நீட்டிக்கொண்டு, "வேகமா நடங்க மேடம், எம் நேர்த்தியக் கெடுத்திராதிய" என்று ஊக்கமளித்தார். சாஜிதா பானு கைப்பேசியில் அழைத்து, எத்தனையாவது சுற்று என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

நூற்றெட்டாவது சீட்டைக் கொடுத்தபோது பெத்துராஜ், "டிக்கெட் முடிஞ்சிட்டு. இறங்குட்டி" என்றார். செண்பகவல்லி பேச்சியின் பக்கத்தில் போய் உட்கார்ந்து, நூற்றெட்டுச் சீட்டுகளையும் சேலை முனையால் துடைத்து அடுக்கி, கொண்டுவந்திருந்த கல்யாணப் பத்திரிகை உறையில் இட்டு, அதன் மேல் தேதி எழுதினார்: 2025 ஆகஸ்ட் 2, சனிக்கிழமை.